பசியாத காலையில் உண்ண வேண்டுமா?

“எடையைக் குறைக்க முயல்கிறேன், காலையில் பசிப்பதில்லை. ஆயினும் உண்ணத்தான் வேண்டுமா?” என்று பலர் கேட்கின்றனர். கட்டாயமில்லை என்பதே என் கருத்து.

2019ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 13 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். காலையுணவு உண்டோர் நாளொன்றுக்குச் சுமார் 260 கலோரி கூடுதலாக உட்கொண்டனர். அவர்களது எடையும் சற்றே மிகுந்திருந்தது. அவை குறுகிய கால ஆய்வுகளே. எனினும், காலையுணவை விட்டால் எடை கூடும் என்னும் அச்சத்துக்கு அவற்றில் சான்றில்லை. நன்கு பசித்த பின் உண்ணுமாறே திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் கூறுகிறது.

ஆனால், சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்வோருக்கு இது பொருந்தாது. மருந்தை எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றுடன் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரச் சென்றால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். அப்போது தோன்றும் வியர்வையையும் நடுக்கத்தையும் வெயிலின் களைப்பென்றே உடனிருப்போர் எண்ணிவிடுவர். ஆபத்து அங்கேதான் உள்ளது. நினைவுடன் இருப்பவருக்கு உடனே சர்க்கரை கரைத்த நீரைப் பருகக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

இத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் காலையுணவை விடலாகாது. மற்றவர்கள் பசி வரும்வரை காத்திருக்கலாம். தண்ணீர் அருந்துவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.