பழைமை உறுதிக்குச் சான்றாகாது

பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோரிடையே ஆழ வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. அந்தக் காலத்து வண்டிகள் நல்ல இரும்பால் ஆனவை, அவற்றின் எஞ்சின்கள் ஆயுளுக்கும் உழைப்பவை, பெயின்ட் அடித்துப் புதுப்பித்துவிட்டால் இன்றைய வண்டிகளையெல்லாம் விஞ்சி ஓடக்கூடியவை என்பதே அது. 1980களின் புல்லட்டுக்கும் ஆர்.எக்ஸ். 100க்கும் இன்று சொல்லப்படும் விலைகள் பெரிதும் இந்நம்பிக்கையின் மீதே நிற்கின்றன; விற்பவர் அதைச் சொல்லி விலையை ஏற்றுகிறார், வாங்குபவர் அதை நம்பிச் சோதனையைச் சுருக்கிக்கொள்கிறார். இந்த நம்பிக்கை பிழையானது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும். பழைய வண்டியின் உறுதி அதன் உலோகத்தைவிட அதைப் பல பத்தாண்டுகளாகப் பேணிய கைகளையே சார்ந்திருக்கிறது. அந்தப் பராமரிப்பின் வரலாறு தெரியாமல், பிறந்த ஆண்டை மட்டும் கொண்டு ஒரு வண்டியின் தரத்தை மதிப்பிட எவராலும் இயலாது.

இந்நம்பிக்கை காரணமின்றித் தோன்றியதன்று. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1949இல் விற்பனைக்கு வந்த 350 சிசி புல்லட், இந்தியப் படையின் தேவைக்காக இங்கு தருவிக்கப்பட்டு, 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் அமைந்தபின் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் பாகங்களாக வந்து பூட்டப்பெற்று, 1960களில் முழுமையாக அங்கேயே செய்யப்படலாயிற்று. சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை செல்லும் தொலைவாகிய ஸ்ட்ரோக் 90 மி.மீ. என்ற அளவில் அமைந்த அதன் 346 சிசி எஞ்சின், 2010 வாக்கில் புதிய அலுமினிய எஞ்சினுக்கு இடம் விடும்வரை அடிப்படை அமைப்பில் பெரிதும் மாறவில்லை. ஒரே அமைப்பு அரை நூற்றாண்டு நீடித்ததால் அதற்குரிய உதிரிபாகங்கள் சிற்றூர்களிலும் கிடைத்தன. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் பெருகினர். வண்டியின் நீண்ட ஆயுளைக் கண்டவர்கள் அதற்கான காரணத்தை இரும்பில் தேடினர். காரணமோ எளிதில் பழுதுபார்க்கத்தக்க அமைப்பிலும், பழுதுபார்க்கத் தெரிந்தோரின் உழைப்பிலும் இருந்தது.

நம்பிக்கையின் முதற்பிழை கணக்கெடுக்கும் முறையிலேயே உள்ளது. இன்று சாலையில் ஓடும் நாற்பதாண்டு வண்டியைக் காண்பவர், அதே ஆண்டில் அதே தொழிற்சாலையிலிருந்து அதனுடன் வெளிவந்து, கிராங்க் உடைந்தும் சேசிஸ் துருவேறியும் விபத்தில் நசுங்கியும் காயலான் கடைக்குச் சென்ற வண்டிகளைக் காண்பதில்லை. மிஞ்சியவற்றை மட்டும் பார்த்து முழுத் தொகுதியின் தன்மையை முடிவுசெய்யும் இத்தவற்றைப் புள்ளியியல் நன்கறியும். சென்னைப் புதுப்பேட்டையின் கடைகளில் பிரித்துக் குவிக்கப்பட்டிருக்கும் எஞ்சின்களையும் சக்கரங்களையும் டேங்குகளையும் சேர்த்து எண்ணுபவரே சரியான கணக்கை எடுத்தவர் ஆவார். மிஞ்சிய வண்டி மிஞ்சியதற்குக் காரணம், பெரும்பாலும் யாரோ ஒருவர் அதற்கு நேரத்துக்கு ஆயில் மாற்றி, தேய்ந்ததைத் தேய்ந்தவுடன் மாற்றி, மழையில் நிறுத்தாமல் காத்ததே ஆகும்.

இரண்டாம் பிழை எடையை உறுதியாகக் கொள்வது. பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்யப்படும் இவ்வுலோகம் தேய்மானத்தை நன்கு தாங்கும். ஆயினும் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியக் கலவைகளைவிட மிகவும் பின்தங்கியது. நெடுஞ்சாலையில் நெடுநேரம் விரட்டினால் வெப்பம் போதிய விரைவில் வெளியேறாமல், பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் சீஸ் ஆவது என்று மெக்கானிக்குகள் கூறுவது இதையே. தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி அடுத்த அளவுப் பிஸ்டனைப் பொருத்துவது போர் போடுதல் எனப்படுகிறது. ஒவ்வொரு முறையும் சுவர் மெலிவதால் இதைச் சிலமுறை மட்டுமே செய்ய இயலும். அதன்பின் ஸ்லீவ் எனப்படும் உட்குழாயை இறக்க வேண்டும். எஞ்சின் ஒருமுறையும் கடையப்படாமல் இன்னும் கம்பெனி போரிலேயே இருப்பதாக விற்பவர் உறுதியளித்தால், சிலிண்டரைக் கழற்றி அளந்தாலொழிய அதை மெய்யென்று கொள்ள வழியில்லை. மேலும் இவ்வெஞ்சினில் கனெக்டிங் ராடின் பெரிய முனை, உருளைகள் கொண்ட பேரிங்கின் மீதன்றி, மிதக்கும் புஷ் ஒன்றின் மீது சுழல்கிறது. அந்தப் புஷ் தூய ஆயிலின் மெல்லிய படலத்தை நம்பியே நிலைப்பதால், ஆயில் மாற்றத்தைத் தொடர்ந்து தவறவிட்ட ஓர் உரிமையாளரே அதன் ஆயுளை முடித்துவிட முடியும். எவ்வளவு கனமான இரும்பும் அங்கே உதவிக்கு வராது.

ஆர்.எக்ஸ். 100 பற்றிய நம்பிக்கை இன்னும் வலுவற்றது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பத்துடன் 1985இல் வெளியிட்டு 1996 வரை விற்ற இந்த 98 சிசி வண்டி டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. இவ்வகை எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு அங்கே அழுத்தப்படுவதால், கிராங்கின் இருபுறமும் உள்ள ரப்பர் சீல்கள் காற்றுப் புகாதவாறு அடைத்திருக்க வேண்டும். ரப்பரோ, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், காலத்தால் இறுகி வெடிக்கக்கூடியது. சீல் வழியே காற்றுப் புகுந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து எஞ்சின் மிகையாகச் சூடேறும். கிளட்ச் பக்கத்துச் சீல் கெட்டால் கியர் ஆயில் உள்ளிழுக்கப்பட்டுச் சைலன்சரில் புகையாக வெளியேறும். தொடக்க கால வண்டிகளில் ஜப்பானியப் பாகங்கள் இருந்ததைக் காட்டி, ஜப்பான் எஞ்சின் என்று கூடுதல் விலை கேட்கப்படுகிறது. பிஸ்டன், ரிங், பேரிங், சீல் அனைத்தும் பலமுறை மாற்றப்பட்ட எஞ்சினுக்குள் அந்தத் தொடக்க காலத் தரம் எந்த அளவுக்கு மிஞ்சியிருக்கும் என்ற கேள்வி மட்டும் எழுப்பப்படுவதில்லை. யெஸ்டி வண்டிகளைச் செய்த மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டதால், பழைய யெஸ்டி வாங்குவோரின் நிலை இதனினும் கடினமானது. பழைய இருப்பையோ பிறர் செய்யும் மாற்றுப் பாகங்களையோ மட்டுமே அவர்கள் நம்பவேண்டியிருக்கிறது.

உறுதி என்னும் சொல்லுக்குள் பாதுகாப்பும் அடங்கியிருப்பதாக எண்ணுவது எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை. பழைய வண்டிகளின் டிரம் பிரேக், சக்கரத்தின் குடத்துக்குள் இரு ஷூக்கள் விரிந்து உராய்வதால் இயங்குவது. தொடர்ந்து பிடித்தால் சூடேறித் தளரும், நீர் புகுந்தால் வழுக்கும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பை அரசு 2019 முதல் முழுமையாகக் கட்டாயமாக்கியதற்குச் சாலை மரணங்களே காரணம். பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்திருப்பதால், இன்றைய வண்டிகளில் பழகியவர் திடீரென நிறுத்த நேரும்போது பிரேக்குக்குப் பதிலாகக் கியரை மிதிப்பார். வண்டியின் கனம் அந்தக் கணத்தில் அவரைக் காக்காது. நிற்க வேண்டிய தொலைவையே கூட்டும்.

இந்நம்பிக்கையின் நடைமுறை விளைவு, வாங்குபவரின் கண் பார்க்க வேண்டிய இடத்தை விட்டு அகல்வதாகும். உலோகம் இயல்பிலேயே உறுதியானது என்று கொண்டவர், வெளித்தோற்றம் மட்டுமே குறை என்று முடிவுசெய்து, மின்னும் குரோமியத்தையும் புதுப் பெயின்டையும் தேடுகிறார். தடித்த பெயின்டு, வளைந்து பற்றவைக்கப்பட்ட சேசிஸையும் பட்டி பூசி அடைக்கப்பட்ட டேங்கின் துருவையும் மறைக்க வல்லது. அதே வேளையில், திருவொற்றியூரில் கைத்திறனாளர்கள் தூரிகையால் டேங்கின் மீது இழுத்த பொன்னிறக் கோடுகள், புதுப்பித்தல் என்ற பெயரில் சுரண்டி அழிக்கப்படுகின்றன. மங்கியிருப்பினும் முதற்பூச்சு நிலைத்திருக்கும் வண்டியே தன் வரலாற்றை மறைக்காமல் காட்டும் வண்டி. வாங்குபவர் விரும்ப வேண்டியதும் அதையே.

இரும்பின் மீது வைக்கும் நம்பிக்கை காகிதத்தின் மீதான கவனத்தையும் மழுங்கச் செய்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு பொருந்தாவிட்டால், அல்லது எண் பொறித்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால், அவ்வண்டி எவ்வளவு சிறப்பாக ஓடினும் வாங்கத் தகாதது. பெயர் மாற்றத்துக்குரிய 29, 30ஆம் படிவங்களில் முதல் உரிமையாளரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு வண்டியைக் கைமாற்றிக்கொண்டே போகும் வழக்கம் பரவலாக உள்ளது. பதிவில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவுபடுத்திய பிறகும் இவ்வழக்கம் தொடர்வது விற்பவரையும் வாங்குபவரையும் ஒருங்கே இடருக்குள்ளாக்குகிறது.

பழைய வண்டியின் விலை ஏறிக்கொண்டே போகிறதே, அது முதலீடாகாதா என்று கேட்கப்படலாம். விலை ஏறுவது அசல் நிலையில், முழு ஆவணங்களுடன் காக்கப்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். அவற்றைக் காக்கும் செலவைக் கழிக்காமல் இலாபம் கணக்கிடுவது முறையன்று. 2021இல் அறிவிக்கப்பட்ட விதிகள் 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் இருக்கும் வண்டிகளையே விண்டேஜ் என ஏற்கின்றன; அவ்வகைப் பதிவு பெற்றவற்றை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்தவும் அனுமதிப்பதில்லை. 1985ஆம் ஆண்டு வண்டியை அரும்பொருள் என்று கூறி விற்பவரின் சொல்லுக்குச் சட்டத்தில் இன்று இடமில்லை.

பழைய வண்டிகளை வெறுப்பதற்கு இவை காரணங்கள் ஆகா. ஒரு காலத்தின் கைத்திறனையும் ஓட்டும் முறையையும் உயிரோடு காப்பவை அவை; அவற்றை மெய்யாக நேசிப்போர்தாம் பொய்ப்புகழிலிருந்து அவற்றை மீட்க வேண்டும். வாங்க விரும்புவோர் எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லட்டும். அந்த வகை வண்டியில் தேர்ந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லட்டும். எண்களையும் ஆவணங்களையும் முதலில் பார்த்து, எஞ்சினை அடுத்துப் பார்த்து, பெயின்டைக் கடைசியில் பார்க்கட்டும். சொல்லப்பட்ட விலையோடு எஞ்சினை ஒருமுறை முழுமையாகப் பிரித்துப் பூட்டும் செலவையும் கூட்டி, அதற்கும் கையில் பணம் இருந்தால் மட்டுமே முன்பணம் கொடுக்கட்டும்.