நம் அணி தோற்றால் நமக்கு ஏன் சோறு இறங்குவதில்லை?

ஒரு வீட்டில் கிரிக்கெட் ரசிகர் ஒருவர் இருந்தால் போதும். முதல் நாள் ஆட்டத்தின் முடிவை அறியப் பத்திரிகையைப் புரட்ட வேண்டியது இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்!

அணி ஜெயித்த நாளில் அவர் ராஜா. குழந்தைகள் கேட்டது எல்லாம் கிடைக்கும். கடைத்தெருவில் இருந்து வரும்போது கையில் அல்வாப் பொட்டலம் இருக்கும். தோற்ற நாளிலோ, ரசத்தில் உப்பு இல்லை என்பார். உப்பு போட்டால், அதிகம் என்பார். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்.

"அவர்கள் ஜெயித்தால் உங்களுக்கு என்ன லாபம்? தோற்றால் உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். கணக்குப் பார்த்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால், எல்லாமே கணக்கு ஆகிவிடுமா? கூட்டம் நிறைந்த பஸ்ஸில் யாரோ ஒருவர் நம் ஊரின் பெயரைச் சொல்கிறார். உடனே நாம் திரும்பிப் பார்க்கிறோம். அவர் யார் என்றே நமக்குத் தெரியாது. ஆனாலும் பார்க்கிறோம். அந்த ஊர்ப் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு பதினோரு பேர் மைதானத்தில் இறங்கினால், மனசு சும்மா இருக்குமா?

ஆகவே, சொந்த ஊர் அணியின் மேல் ஆசை வைப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல. ஆனால் ஆசை வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எது நம் அணி?

நம் ஊரில் "உங்கள் அணி எது?" என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் சென்னை சூப்பர் கிங்ஸ் என்பார்கள். அதில் தவறு இல்லை. 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய 5 ஆண்டுகளில் கோப்பையை வாங்கித் தந்த அணி அது. 2018-ம் ஆண்டில் காவிரிப் போராட்டம் நடந்தபோது, சென்னையில் நடக்க வேண்டிய பந்தயங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் சும்மா இருந்தார்களா? சுமார் 1,000 பேர் தனி ரெயில் ஏறிப் புனேவுக்கே போய்விட்டார்கள்! 2025-ம் ஆண்டில் அதே அணி பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனது. அப்போதும் மஞ்சள் சட்டையை யாரும் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை.

ஆனால், அது ஏலத்தில் எடுத்துச் சேர்த்த அணி. இந்த வருடம் இங்கே ஆடுகிறவர் அடுத்த வருடம் வேறு ஊருக்கு ஆடுவார். நம் தெருவிலும் நம் பள்ளிக்கூடத்திலும் ஆடிப் பழகிய பிள்ளைகளின் அணி இன்னொன்று இருக்கிறது. அதுதான் ரஞ்சிக் கோப்பைக்கு ஆடும் தமிழ்நாடு அணி.

நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்தவர். அவருடைய தாயார் சாலை ஓரத்தில் கோழிக்கறிக் கடை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய அந்தப் பிள்ளை, தமிழ்நாட்டுக்கு ஆடினார். பிறகு இந்தியாவுக்கு ஆடினார். 2021-ம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த டெஸ்ட் பந்தயத்தில், அவரும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் ஒரே நாளில் அறிமுகம் ஆனார்கள். முதல் இன்னிங்சில் ஆளுக்கு 3 விக்கெட் எடுத்தார்கள். சுந்தர் 62 ரன்னும் அடித்தார். அந்தப் பந்தயத்தில் இந்தியா ஜெயித்தது. இவர்களை உருவாக்கி அனுப்பியது எது? நம் மாநில அணி அல்லவா?

இரண்டே கோப்பை!

இந்த மாநில அணியின் கதையைக் கேளுங்கள். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயமே நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. முதல் பந்தை வீசியவர் நம் எம்.ஜே. கோபாலன். நம் ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் சாய்த்தார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. வெற்றி நமக்கே!

இப்படித் தொடங்கிய நாம் எத்தனை முறை கோப்பையை வாங்கி இருப்போம்? 20 முறை? 10 முறை?

இரண்டே முறை!

1954-55-ம் ஆண்டில், பாலு அழகணன் தலைமையில், இந்தூருக்குப் போய் ஹோல்கார் அணியைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்து வந்தோம். அதற்கு அடுத்தது 1987-88-ம் ஆண்டில். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரெயில்வே அணியை வென்றோம்.

அதற்குப் பிறகு 6 முறை இறுதிப் பந்தயம் வரை போனோம். 6 முறையும் தோற்றோம். 1991-92-ல் டெல்லியிடம் தோற்றோம். 1995-96-ல் கர்நாடகத்திடம் தோற்றோம். 2002-03-லும் 2003-04-லும் மும்பை நம்மை முறியடித்தது. 2011-12-ல் ராஜஸ்தான். 2014-15-ல் மறுபடியும் கர்நாடகம். கை எட்டியது, கோப்பை எட்டவில்லை. 2023-24-ல் அரை இறுதியில் மும்பையிடம் தோற்றோம். 2024-25-ல் கால் இறுதியில் விதர்பாவிடம் தோற்றோம்.

அப்பாவும் நானும் மகளும்

1955-ம் ஆண்டில் என் அப்பாவுக்கு 10 வயது. இந்தூர் வெற்றிச் செய்தி வந்தபோது, டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, கூட்டத்தோடு நின்று கேட்டாராம். அதைப் பல முறை சொல்லி இருக்கிறார். "அடுத்த கோப்பை சீக்கிரம் வந்துவிடும் என்று நினைத்தேன். அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகி, நீயும் பிறந்துவிட்டாய்" என்பார்.

1988-ல் எனக்கு 10 வயது. அப்பா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு என்னைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போனார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அப்பாவும் நானும் பல ஆட்டங்களை வானொலியில்தான் கேட்டோம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல் தெரியும். 2020-ம் ஆண்டில் மறைந்த அந்த வர்ணனையாளர், கிரிக்கெட்டைத் தமிழிலேயே சொன்னார். எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் வர்ணனையைக் கேட்டுக் கேட்டே, யார் ஆட்டம் இழந்தார் என்று எங்களுக்கு முன்பே சொல்லிவிடுவார்!

அப்பா 33 ஆண்டுகள் காத்திருந்தார். அதன் பலனைக் கண்டார். நான் அவரை விட அதிக ஆண்டுகள் காத்திருந்துவிட்டேன். அப்பா இப்போது இல்லை. என் மகளுக்கு 14 வயது ஆகிறது. அப்பாவுக்கும் 10 வயதில் ஒரு கோப்பை. எனக்கும் 10 வயதில் ஒரு கோப்பை. அவளுக்கு மட்டும் இன்னும் இல்லை. அவளோடு உட்கார்ந்து அந்தக் கோப்பையைப் பார்க்க வேண்டும். ரசிகனாக எனக்கு இருக்கும் ஆசை இது ஒன்றுதான்.

ஏன் வரவில்லை?

நம் பிள்ளைகளுக்குத் திறமை இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. 20 ஓவர் ஆட்டமான சையது முஷ்டாக் அலி கோப்பையை 2020-21, 2021-22 என்று இரண்டு வருடம் அடுத்தடுத்து வென்றோம். 2021-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி டெல்லியில் நடந்த இறுதிப் பந்தயத்தில், கடைசிப் பந்தில் 5 ரன் தேவை. ஷாருக்கான் சிக்சர் அடித்தார். கர்நாடகம் தோற்றது!

ஆனால், ரஞ்சிக் கோப்பை பல நாள் ஆட்டம். அதில் ஒரு விதி உண்டு. ஆட்டம் முடிவு தெரியாமல் போனால், முதல் இன்னிங்சில் அதிக ரன் எடுத்த அணியே முன்னேறும். இறுதிப் பந்தயம் என்றால் அதற்கே கோப்பை. 2011-12-ல் சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் இப்படித்தான் கோப்பையைத் தட்டிச் சென்றது. 2014-15 இறுதிப் பந்தயத்தில் நாம் முதல் இன்னிங்சில் 134 ரன்னில் சுருண்டோம். கர்நாடகத்தின் கருண் நாயர் ஒருவரே 328 ரன் குவித்தார். ஒரு நாள் சறுக்கினால், ஐந்து நாளும் எழுந்திருக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. நன்றாக ஆடுகிறவரை இந்திய அணி அழைத்துக்கொள்கிறது. அது நமக்குப் பெருமைதான். ஆனால் முக்கியமான பந்தயத்தில் அவர் இடம் காலியாகிவிடுகிறது. அந்த இடத்தில் ஆட இன்னொரு பிள்ளை தயாராக வேண்டும். அவன் பழக மைதானம் வேண்டும். ஆடும்போது கைதட்ட ஆள் வேண்டும்.

காலி நாற்காலிகள்

கைதட்ட ஆள் எங்கே இருக்கிறார்கள்? 20 ஓவர்ப் பந்தயத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் அலைகிறோம். ரஞ்சிப் பந்தயத்துக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது, இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன!

2025-ம் ஆண்டு ஜனவரியில் விராட் கோலி டெல்லி அணிக்காக ரஞ்சிப் பந்தயம் ஆட வந்தார். விடிவதற்கு முன்பே ரசிகர்கள் வரிசையில் நின்றார்கள். ஆயிரக்கணக்கான பேர் உள்ளே போனார்கள். ஆகவே, ரஞ்சிப் பந்தயம் பார்க்க மக்களுக்கு நேரம் இல்லை என்பது சரி அல்ல. பெரிய பெயர் இருந்தால் போகிறோம். நம் பிள்ளை ஆடினால் போவது இல்லை.

இந்தப் பந்தயங்கள் சென்னையில் மட்டும் நடப்பது இல்லை. கோவை, சேலம், திண்டுக்கல் பக்கத்து மைதானங்களிலும் நடந்து இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால், ஒரு நாள் குடும்பத்தோடு போங்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். முதல் முறை நூறு ரன் அடிக்கும் பையன், மட்டையை உயர்த்திப் பார்க்கும்போது எதிரே பத்துப் பேராவது எழுந்து நிற்கட்டும்.

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் அல்ல. சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா என்ற பெண், 2025-ம் ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில், கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். நகரத்தின் குடிசைகளில் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் குடியேறிய இடம் அது. பெண் பிள்ளை மைதானத்துக்குப் போவதா என்று கேட்கிற பெற்றோர்கள், அந்தப் பெண்ணை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றை விட்டுவிடுங்கள்

ரசிகர் செய்யக் கூடாத காரியங்களும் உண்டு.

முதலாவது, பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது. அணியின் மேல் உள்ள ஆசையால்தான் கட்டுகிறேன் என்பார்கள். அது ஆசை அல்ல, பேராசை. மளிகைக் கடைக்குக் கொடுக்க வேண்டிய பணம், பள்ளிக்கூடச் சம்பளம், மனைவியின் நகை எல்லாம் அதில் கரைந்துவிடும். கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025-ம் ஆண்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டம் வாசல் வரைதான் காவல் காக்கும். வீட்டுக்குள் நாமே காவல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தோற்றுப் போன ஆட்டக்காரரையும் அவர் குடும்பத்தையும் கண்டபடி ஏசுவது. அவரும் நம்மைப் போலத் தூக்கம் இல்லாமல்தான் அன்று இரவு கிடப்பார்.

மூன்றாவது, மைதானத்துத் தோல்வியை வீட்டுக்குள் கொண்டு வந்து, மனைவி மக்கள் மேல் காட்டுவது. ரசத்தில் உப்புக் குறைவுக்கும், பந்து வீச்சாளர் கோட்டை விட்டதற்கும் சம்பந்தம் இல்லை!

எப்படித் தோற்க வேண்டும் என்பதைச் சேப்பாக்கம் உலகத்துக்கே காட்டி இருக்கிறது. 1999-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி பாகிஸ்தானிடம் 12 ரன்னில் இந்தியா தோற்றது. சச்சின் 136 ரன் அடித்தும் பயன் இல்லை. கூட்டம் ஒரு நிமிடம் வாய் அடைத்து உட்கார்ந்தது. பிறகு எழுந்து நின்று, ஜெயித்தவர்களுக்குக் கைதட்டியது. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து நன்றி சொன்னார்கள். கோப்பை கிடைக்காத அன்று நம் ஊருக்குக் கிடைத்த நல்ல பெயர் இன்றும் இருக்கிறது.

நம் பிள்ளைகளும் வாழ்க்கையில் பரீட்சையில் தோற்பார்கள். வேலைக்கு மனுப் போட்டுத் தோற்பார்கள். அப்போது தலை நிமிர்ந்து நிற்பது எப்படி என்று எந்தப் புத்தகத்தில் படிப்பார்கள்? நம் அணி தோற்கும் நாளில், நம் முகத்தைப் பார்த்துத்தான் படிப்பார்கள்.

ஆகவே, அடுத்த முறை நம் அணி தோற்றால், சோற்றை ஒதுக்கி வைக்காதீர்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். எந்த இடத்தில் ஆட்டம் கை நழுவியது என்று அவர்களோடு பேசுங்கள். ரஞ்சிக் கோப்பை ஒரு நாள் நிச்சயம் வரும். வரும்போது, மைதானத்தில் நிற்க நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்க வேண்டும்!