நாடாவிலே மலரும் பூக்கள்

நமது நாட்டிலே 'ரேந்தை' என்னும் சொல்லை அறியாத பெண்மணிகள் மிகச் சிலரே. சட்டையின் கழுத்தோரத்திலும் தலையணை உறையின் விளிம்பிலும் வைத்துத் தைக்கப்படும் அவ்வேலைப்பாட்டின் பெயர் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. 1628-ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு வாவியின் புளியந்தீவிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், பத்தாண்டுகளின் பின் 1638-இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி போயிற்று, சொல் தங்கிவிட்டது. தையற்பெட்டிக்குள்ளும் சரித்திரம் உண்டு. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட நாடாப் பூவேலைக்கும் அத்தகைய சரித்திரம் ஒன்றிருக்கிறது.

ரேந்தை நூலைப் பின்னி ஆக்கப்படுவது. நாடாப் பூவேலையோ, நூலுக்குப் பதிலாக மெல்லிய பட்டு நாடாவை ஊசியிற் கோத்துத் துணியினூடே இழுத்துத் தைப்பது. நூலினால் ஓர் இதழை நிரப்ப இருபது தையல் வேண்டுமாயின், நாடாவுக்கு ஒரே தையல் போதும். அவ்விதழ் துணியோடு ஒட்டிக் கிடவாது, மடிந்து சுருண்டு மேலெழுந்து நிற்கும். இதுவே இக்கலையின் தனியழகு.

பிரான்சு நாட்டிலே பதினைந்தாம் லூயி மன்னன் அரசு செலுத்திய காலத்தில் (1715–1774) இவ்வேலைப்பாடு அரசவை மகளிரின் உடைகளிலே தோன்றிற்று. சுருளும் மலரும் கொடியுமாக யாவற்றையும் அலங்கரித்த 'ரொக்கோக்கோ' என்னும் பாணி மேலோங்கியிருந்த காலம் அது. பின்னர் மரீ அந்துவானெத் அரசிக்கு உடையமைத்த ரோஸ் பேர்த்தேன் என்னும் பெண்மணியின் கைவண்ணத்தால் நாடாவின் மோகம் ஐரோப்பா எங்கும் பரவிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊசிவேலை பெண்களுக்கே உரியது என்று எண்ணும் நம்மவர், 1770-இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் வெளியீடாகப் 'பூத்தையலாளரின் கலை' என்னும் பொருள்பட ஒரு நூலை எழுதியவர் ஓர் ஆண்மகன் என்பதை அறிதல் நன்று. சார்ள்ஸ் ஜெர்மேன் த சான் ஓபன் என்னும் அவர் மன்னனுக்குப் பூத்தையற் சித்திரம் வரைந்து கொடுத்தவர். இந்தியாவில் லக்னோ, பரேலி ஆகிய நகரங்களிலே பொற்சரிகைப் பூவேலை செய்வோரும் பெரும்பாலும் ஆடவரே. நமது வகுப்பறைகளிலே தையல் என்றவுடன் மாணவர் முகத்திலே தோன்றும் அந்தச் சிரிப்புக்கு ஆதாரம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

நாடா நெய்தவர்களின் கதை இத்துணை இனிமையானதன்று. இங்கிலாந்திலே கொவென்றி என்னும் நகரம் நாடா நெசவினாலேயே வாழ்ந்தது. 1860-இல் பிரான்சுடன் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையால் பிரெஞ்சு நாடாக்களுக்கு இருந்த இறக்குமதி வரி நீங்கிற்று. கொவென்றியின் தறிகள் ஓய்ந்தன. குடும்பங்கள் பட்டினி கிடந்தன. பலர் ஊரைவிட்டே போயினர். தோமஸ் ஸ்ரீவன்ஸ் என்பவர் மட்டும் வேறு வழி கண்டார். 1862-ஐ அடுத்து, அதே தறிகளிலே சித்திரங்களை நெய்து, புத்தகங்களுக்கு அடையாளம் வைக்கும் பட்டு நாடாக்களாக விற்கலானார். பெரியகல்லாற்றுக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள மருதமுனை நெசவாளருக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை. 1977-இல் இலங்கை இறக்குமதிக் கதவுகளைத் திறந்துவிட்டபோது, நாடெங்கும் கைத்தறிகள் பல மௌனமாயின.

இனி வேலைக்கு வருவோம். நாடா 2, 4, 7, 13 மில்லிமீற்றர் அகலங்களிலே கிடைக்கிறது. தொடங்குவோர் 4 அல்லது 7 மில்லிமீற்றர் நாடாவைக் கொள்க. பட்டே சிறந்தது, செயற்கையிழை நாடா விறைப்பாயிருப்பதால் இதழ் மடியாது. புழுவைக் கொன்று எடுத்த பட்டு வேண்டாம் என்று கருதும் சைவ அன்பர்கள், மெல்லிய செயற்கையிழை நாடாவைத் தேர்ந்து சற்றுப் பொறுமையோடு தைக்கலாம். பட்டு வேட்டி உடுத்துக்கொண்டு இவ்வாதத்தைச் செய்வோருக்கு என்ன விடை சொல்வதென்று தெரியவில்லை!

ஊசிக்குக் காது அகலமாகவும் முனை கூராகவும் இருத்தல் அவசியம். காது சிறிதாயின் நாடா கசங்கிப்போகும். துணியை வட்டச் சட்டத்திலே இறுக்கிப் பூட்டுக. நாடாவைப் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் அதிகம் நீட்டி வெட்டற்க; துணியினூடே பன்முறை செல்லுங்கால் அதன் ஓரம் பிசிராகும். நுனியைச் சரிவாக வெட்டி ஊசியிற் கோத்தபின், அந்நுனியிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஊசியால் நாடாவையே குத்தி, மறுபுறத்தை இழுத்தால் காதின்மேல் நாடா பூட்டிக்கொள்ளும். பின்னர் எத்துணை இழுத்தாலும் கழராது.

இலை தைக்கும் முறை எளிது. கீழிருந்து மேலே வந்த நாடாவைத் துணியின்மேல் மட்டமாகப் படுக்கவைத்து, நுனி அமையவேண்டிய இடத்திலே நாடாவின் நடுவிற் குத்தி, மெல்ல மெல்லக் கீழே இழுக்க வேண்டும். இரு விளிம்புகளும் உட்சுருண்டு இலையின் கூர்முனை தானாகவே உருவாகும். அந்த நொடியிலே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் இலை போய் நூல் போன்ற கோடுதான் மிஞ்சும்.

ரோசாப்பூவுக்கோ ஒரு கணக்கு உண்டு. முதலிலே நூலினால் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஐந்து கோடுகள் தைத்து, நடுவிலிருந்து நாடாவை ஒன்றின்மேல், அடுத்ததன்கீழ் என மாறிமாறிச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஐந்து ஏன்? நான்கு ஆரமாயின் ஒவ்வொரு சுற்றிலும் நாடா அதே ஆரத்தின் மேலேயே செல்லும், பின்னல் பிடிக்காது. ஒற்றையெண்ணாயின், முதற்சுற்றிலே மேலே சென்ற ஆரத்தின்கீழ் அடுத்த சுற்றிலே செல்லும். கணித வகுப்பிலே ஒற்றை, இரட்டை என்று சலிப்போடு படிக்கும் மாணவர் இதனை ஒருமுறை தைத்துப் பார்க்கட்டும்.

முடிந்த வேலையை மேற்புறமாக அழுத்தித் தேய்த்தால் இதழ்கள் நசுங்கிவிடும். தடித்த துவாயின்மேற் குப்புற வைத்து, பின்புறத்திலே மெல்ல ஒற்றுக. வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழும் நமக்கு வேறொரு கவலையும் உண்டு. கார்த்திகை, மார்கழி மழையிலே பட்டிற் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் பையிலே அடைத்துவைக்காது, பழைய பருத்தித் துணியிற் சுற்றி வைப்பதே தக்கது.

இனி விலை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2009 வரை நீண்ட போரும் எமது மாவட்டத்திலே பல குடும்பங்களின் பாரத்தைப் பெண்கள் தோளிலே ஏற்றிவிட்டன. அவர்களுக்குத் தையல் கற்பிப்போர் பெரும்பாலும் தையலோடு நிறுத்திக்கொள்கின்றனர், கணக்குக் கற்பிப்பதில்லை. நாடாவின் விலையோடு பத்தோ இருபதோ ரூபாய் சேர்த்துச் சொல்லிவிட்டு, மூன்று மாலைப்பொழுதுகளைத் தானமாக அளிப்பது எந்த ஊர் வியாபாரம்? வேலையைத் தொடங்கிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் ஒரு கொப்பியிலே குறித்துவருக. மொத்த மணித்தியாலங்களை, ஊரிலே கூலிவேலைக்குக் கொடுக்கும் மணிக்கூலியாற் பெருக்கி, நாடா, துணி, நூல் ஆகியவற்றின் செலவையும் கூட்டிப் பார்த்தால் வருவதே அடக்கவிலை. வாங்குவோர் அதனைக் கேட்டு மலைத்தால் சிறிய பொருளைச் செய்க. கூலியைக் குறைத்தல் வேண்டாம். பெரிய மேசைவிரிப்புக்குப் பதிலாக, ஸ்ரீவன்ஸ் செய்ததுபோலப் புத்தக அடையாளம் ஒன்றிலே ஒரே பூவைத் தைத்தாற் போதாதா?

அந்த ஒரு பூவும் ரோசாவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கொன்றையைத் தைத்துப் பாருங்கள். பச்சை நூலினாலே கீழ்நோக்கித் தொங்கும் காம்பொன்றை முதலில் இடுக. 7 மில்லிமீற்றர் மஞ்சள் நாடாவினாலே, காம்பின் மேற்பகுதியில் ஐந்து இதழ்களாகச் சில பூக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வளைந்த மகரந்தத் தாள்களாக மஞ்சள் நூலிழைகள் இரண்டொன்று. கொன்றைச் சரம் மேலிருந்து கீழாக மலர்வதாகையால், நுனியிலே பூ வைத்தல் ஆகாது. 4 மில்லிமீற்றர் நாடாவினால் சிறு முடிச்சுகளிட்டு, அங்கே மொட்டுகளை வைத்து முடிக்க.