முன்பே திரும்பினால் குற்றமா?



சுங்கை சிப்புட்டில் என்னிடம் தொடக்கக் கல்வி பயின்று, இன்று கணினியியல் கற்கும் மாணவர்கள் சிலர் அவ்வப்போது தம் நிரல்களுடன் என்னைக் காண வருவதுண்டு. அவர்களுள் பலர் ஒரு விதியை மந்திரம்போல் ஒப்புவிக்கின்றனர்: 'செயற்கூறு ஒன்றில் ரிட்டர்ன் ஒரே முறைதான் வரவேண்டும், அதுவும் இறுதி வரியில்தான் வரவேண்டும்.' இவ்விதியை எங்கும் திணிப்பது கற்போர்க்குத் தடையே என்பது என் கருத்து. இணைப்புப் பட்டியலில் புதிய கணுவைச் செருகும் பாடம் இதற்கு நல்ல சான்று.

1950களின் நடுப்பகுதியில் நியூவல், ஷா, சைமன் ஆகிய மூவர் உருவாக்கியது இணைப்புப் பட்டியல். அதில் ஒவ்வொரு கணுவும் தன் தரவையும் தனக்கடுத்த கணு எது என்பதையும் மட்டுமே அறியும். நம் தொடர்வண்டிப் பாதையையே எடுத்துக்கொள்வோம். பட்டியலில் ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் என மூன்று நிலையங்கள் உள்ளன. இரண்டாம் இடத்தில் சுங்கை சிப்புட்டைச் செருகவேண்டும். முதலில் சுங்கை சிப்புட் கோலகங்சாரைச் சுட்டவேண்டும்; அதன் பின்னரே ஈப்போ சுங்கை சிப்புட்டைச் சுட்டவேண்டும். வரிசை மாறினால் கோலகங்சாருக்குச் செல்லும் வழியே அறுந்துபோகும்.

பாடத்தின் உயிர் இவ்விரு வரிகளே. ஆயினும், இரு தனிநிலைகளையும் கவனிக்கவேண்டும். மூன்றே நிலையங்கள் உள்ள பட்டியலில் யாரேனும் பத்தாம் இடத்தைக் கேட்கலாம். அல்லது புதிய கணு முதலிடத்தில் அமையலாம். ஒற்றை ரிட்டர்ன் விதிப்படி எழுதினால், 'இஃப்', 'எல்ஸ்' என அடுக்குகள் பெருகி, உயிரான அவ்விரு வரிகள் உள்ளே புதைந்துவிடுகின்றன. குழம்பிய மாணவர் புரிந்துகொள்வதைக் கைவிட்டு மனனம் செய்யத் தொடங்குகிறார். தனிநிலைகளைத் தொடக்கத்திலேயே முடித்துத் திரும்பிவிட்டால், எஞ்சியிருப்பது முதன்மையான வேலை மட்டுமே.

ஒற்றை வெளியேற்ற விதி பொருளற்றதன்று. 1968-இல் டைக்ஸ்ட்ரா 'கோ டூ' கட்டளையைக் கண்டித்து எழுதிய காலத்தில், நிரல் எங்கெங்கோ தாவுவது பெருஞ்சிக்கலாக இருந்தது. சி போன்ற மொழிகளில் பெற்ற நினைவகத்தை நிரலரே விடுவிக்கவேண்டும். இறுதியில் ஒரே வாயில் இருந்தால் அது மறக்காது. ஜாவா, பைத்தான் மொழிகளில் அச்சுமை பெரிதும் குறைந்துவிட்டது.

முன்பே திரும்புவதிலும் ஓர் இடர் உண்டு. நிலையங்களின் எண்ணிக்கையைக் கூட்டும் வரி செயற்கூற்றின் இறுதியில் மட்டும் இருக்குமாயின், முதலிடத்தில் செருகிவிட்டுத் திரும்பும் நிரல் அவ்வரியை எட்டாது. பட்டியலில் நான்கு நிலையங்கள் இருக்க, எண்ணிக்கை மூன்று என்றே நிற்கும். பிழைச்செய்தி ஏதும் வாராது. பின்னொரு நாள் வேறோர் இடத்தில் நிரல் தடுமாறும்.

ஆகவே, மாணவர்க்கு நான் கூறுவது இதுதான்: எதையும் மாற்றுவதற்கு முன் தயங்காமல் திரும்புங்கள். மாற்றத் தொடங்கிய பின் திரும்புவதாயின், செய்யவேண்டிய அனைத்தையும் செய்து முடித்துவிட்டீர்களா எனச் சரிபாருங்கள்.

ரிட்டர்ன் எத்தனை என்று எண்ணுவதைவிட, திரும்பும் ஒவ்வொரு வேளையிலும் பட்டியல் முறையாக இருக்கிறதா என்று வினவும் பழக்கத்தையே நாம் வளர்க்கவேண்டும். ஆசிரியப் பெருமக்களே, சிந்திப்போம்!