மறதிக்கும் ஒரு பீரியட் வேண்டும்

உங்கள் வீட்டில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால், இன்றைக்குச் சாயங்காலம் டிபன் கொடுக்கும்போது இரண்டே இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். "மலேரியா எதனால வருது?" என்பது முதல் கேள்வி. வாயில் பஜ்ஜியை வைத்துக்கொண்டே, "கொசு கடிச்சா வரும், தண்ணி தேங்க விடக் கூடாது" என்று கடகடவென்று ஒப்பிக்கும். "சில தாத்தா பாட்டிக்குச் சாப்பிட்டதே மறந்துபோகுதே, பெத்த பிள்ளையையே யாருன்னு கேக்கறாங்களே, அது எதனால?" என்பது இரண்டாவது. "வயசாயிடுச்சும்மா, அதான்" என்று பதில் வரும். நம்மைக் கேட்டாலும் அதைத்தானே சொல்லுவோம்? நம்மிடம் கேட்டுத்தான் அது அப்படிச் சொல்கிறது.

அந்த இரண்டாவது பதில் தப்பு. வயதாகிற எல்லோருக்கும் இது வருவதில்லை. 90 வயதிலும் பால் கணக்கு, வட்டிக் கணக்கு எல்லாம் விரல்விட்டுச் சொல்லுகிற பெரியவர்கள் நம் தெருவிலேயே இல்லையா? முதுமை மறதி என்றும், டிமென்ஷியா என்றும் டாக்டர்கள் சொல்லுவது மூளையில் வருகிற வியாதி. 1901-ல் ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து ஆஸ்பத்திரியில், அல்சைமர் என்ற டாக்டரிடம் ஒரு அம்மாளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அகஸ்டே டீட்டர் என்று பெயர். தன் பெயரை எழுதச் சொன்னால்கூட முழுதாக எழுத வராது. அந்த அம்மாளுக்கு அப்போது வயது 51. (ஐம்பதை எட்டிப் பார்க்கிற எனக்கு இதைப் படித்ததும் வயிற்றில் ஒரு கலக்கம்தான்.) 1906-ல் அவர் காலமான பிறகு, மூளையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, என்னென்ன மாறுதல் என்று அந்த டாக்டர் எடுத்துச் சொன்னார். அவர் பெயரையே வியாதிக்கும் வைத்துவிட்டார்கள். மறதி நோய்களில் நூற்றுக்கு 60, 70 அல்சைமர் வகைதான். மற்றவற்றில் பல, மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் கெட்டுப்போய் வருவது.

இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

எங்கள் தெருவில் ஒரு அப்பாயி இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. சாயங்காலம் 4 மணி ஆனால் மஞ்சள் பையில் இரண்டு புடவையை மடித்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "லால்குடி பஸ் போயிருச்சா? எங்கம்மா தேடுவாங்க" என்பார். அவருடைய அம்மா போய்ச் சேர்ந்தே 40 வருஷம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன்களுக்கு இது ஒரு வேடிக்கை. "இதோ பஸ் வந்துருச்சு பாட்டி, ஓடுங்க, ஓடுங்க" என்று ஒரு நாள் ஒருவன் சொல்ல, அவர் நிஜமாகவே காலில் செருப்புக்கூட இல்லாமல் மெயின் ரோட்டுக்கு ஓடிவிட்டார். மினி பஸ் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டாரோ, பிழைத்தாரோ! அன்று ராத்திரி அவருடைய மருமகள் என்னிடம் வந்து அழுதாள். "யாரையும் திட்டாதீங்கக்கா. எம் பையனும்தான் அந்தக் கும்பல்ல நின்னு சிரிச்சிக்கிட்டிருந்தான்" என்றாள்.

அந்தப் பையன் கெட்ட பிள்ளை இல்லை. ராத்திரி அப்பாயிக்குப் போர்த்திவிடுகிறவனே அவன்தான். ஆனால் கூட்டாளிகளுக்கு முன்னால் "உங்க பாட்டி லூசாடா?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன பண்ணும்? கூட நின்று சிரிக்கும். அவன் கையில் அதற்கு ஒரு பதிலை நாம் யாரும் கொடுத்து வைக்கவில்லையே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சுண்டல் பண்ணித் தருகிறேன் என்று ஆசை காட்டி, ஒரு பத்துப் பன்னிரண்டு வாண்டுகளை எங்கள் மொட்டைமாடியில் உட்கார வைத்தேன். நான் ஒன்றும் டாக்டர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன், அவ்வளவுதான். நான் சொன்னதைவிட அவர்கள் கேட்ட கேள்விகள்தான் அருமை.

"பாட்டி வேணும்னே நடிக்கிறாங்களா அத்தை? பழைய பாட்டெல்லாம் கரெக்டா பாடுறாங்களே" என்றாள் ஒரு பெண். நல்ல கேள்வி! இந்த வியாதியில் பெரும்பாலும் முதலில் அழிவது நேற்று நடந்தது, இன்று காலையில் நடந்தது. சின்ன வயதுச் சங்கதிகள் ரொம்ப நாளைக்குப் பத்திரமாக இருக்கும். அதனால்தான் அவருக்கு லால்குடி வீடு பளிச்சென்று தெரிகிறது. காலையில் இட்லி சாப்பிட்டது தெரியவில்லை. வெளிச்சம் மங்குகிற சாயங்கால நேரத்தில் குழப்பம் இன்னும் கூடும், 4 மணிக்குப் பையைத் தூக்குவது அதனால்தான் என்றேன். "அப்ப அந்த நேரத்துல லைட்டப் போட்டு வெச்சா?" என்று ஒரு பொடியன் கேட்டான். அதையேதான் டாக்டர்களும் சொல்கிறார்கள்.

"ஒட்டுமா?" ஒட்டாது. கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம், தாராளமாக.

"அவங்கம்மா செத்துப் போயிட்டாங்கன்னு சொல்லிடலாமே?" இதைக் கேட்டவன் பேரனேதான். வீட்டில் தினமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னால் அவருக்கு அது அன்றைக்குத்தான் நடந்த சாவு. புதிதாக அழுவார். மறுநாள் மறந்துபோகும், மறுபடி சொல்ல, மறுபடி அழ. அதற்குப் பதிலாக, "லால்குடில உங்க வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் அப்பாயி?" என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்து தெருமுனை வரை நடந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். வாதாடி ஜெயிக்கிற இடம் இல்லை இது.

"மருந்து கிடையாதா?" முழுக்கக் குணமாக்குகிற மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் மறதி என்றதும் 'அதுதான்' என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்க விளைவு, கீழே விழுந்து தலையில் ரத்தம் கட்டிக்கொள்வது, இவற்றாலும் புத்தி தடுமாறும். இதில் பலவற்றைச் சரிபண்ணலாம். டாக்டரிடம் காட்டாமல் 'வயசாச்சு' என்று மூலையில் உட்கார வைத்தால், சரியாகக் கூடியதும் சரியாகாமல் போகும்.

கடைசியாக, "எனக்கும் வருமா?" என்று கேட்டாள் இன்னொருத்தி. இந்த இடத்தில்தான் இது ஒரு வீட்டுச் சங்கதியாக இல்லாமல் ஊர்ச் சங்கதியாக மாறுகிறது.

2023-ல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம். 2024-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையின் நிபுணர் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகத்தில் மறதி நோயில் நூற்றுக்கு 45-ஐத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று சொல்லியது. அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிகரெட், குடி எல்லாம் நாம் எதிர்பார்த்ததுதான். கூடவே காது மந்தம், கண் பார்வைக் குறைவு, யாரோடும் பேசாமல் தனியாகக் கிடப்பது, தலையில் அடிபடுவது. அப்புறம், சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாதது!

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. அந்த அப்பாயியை மூன்றாவதோடு நிறுத்திவிட்டார்கள். பெரியவள் ஆகப்போகிற பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற காலம். அதனால்தான் அவருக்கு வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படிக்கிற மூளை பிற்காலத்துச் சேதத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும் என்கிறார்கள். அப்படியென்றால் பெண்பிள்ளையைப் பிளஸ் டூவரை விடாமல் அனுப்புவதும் ஒரு தடுப்பு மருந்து மாதிரிதானே? பைக்கில் ஹெல்மெட் போடுவதும் அப்படியே. பதினெட்டு வயதில் போட்ட ஹெல்மெட் எழுபது வயதில் வேலை செய்யும் என்று சொன்னதும் பையன்கள் முகத்தைப் பார்க்கணுமே! 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்களே, "பிரஷர் மாத்திரை இதயத்துக்கு மட்டும் இல்ல தாத்தா, மூளைக்கும்தான்" என்று ஞாபகப்படுத்த ஒரு பேத்தி போதாதா? போலியோ சொட்டு மருந்துக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனதும் பள்ளிப் பிள்ளைகள்தானே.

ஜப்பான்காரர்கள் இதில் நமக்கு முன்னால் போய்விட்டார்கள். அங்கே முன்பு இந்த வியாதிக்கு இருந்த பெயரில் மடத்தனம் என்கிற அர்த்தமும் சேர்ந்திருந்தது. 2004-ல் அரசாங்கமே அந்தப் பெயரை மாற்றியது. அடுத்த வருஷமே ஊருக்கு ஊர் வகுப்பு ஆரம்பித்தார்கள். ஒன்றரை மணி நேர வகுப்புதான். இது என்ன வியாதி, வழி தெரியாமல் நிற்கிற பெரியவரிடம் எப்படிப் பேசுவது, அவ்வளவே. முடிந்ததும் கையில் போட்டுக்கொள்ள ஒரு ஆரஞ்சு நிற வளையம். போலீஸ்காரர், பாங்க் சிப்பந்தி, கடைக்காரர் எல்லோரும் உட்கார்ந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் படித்துவிட்டார்கள். வளையம் போட்ட ஒரு பிள்ளை அன்று எங்கள் தெருவில் இருந்திருந்தால், பஸ் வருகிறது என்று சொன்ன வாயை அதுவே அடக்கியிருக்கும்.

நம் பக்கத்திலும் இது முடியாத காரியம் இல்லை. நானும் இன்னும் இரண்டு அம்மாமார்களும் சேர்ந்து பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தோம். "சிலபஸ்ல இல்லையேம்மா" என்று முதலில் தயங்கினார். அவருடைய மாமனாருக்கும் இதே கஷ்டம்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கொடுத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வந்து பேசினார்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கேட்கலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நாடகம் போடுகிறோம் என்று பள்ளியில் ஆசைப்படுவார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். சினிமா பார்த்த பழக்கத்தில் மறதித் தாத்தாவைக் கோமாளியாக்கி, கைத்தட்டல் வாங்கிவிடுவார்கள். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிற பிள்ளையை எழுப்பி நிறுத்தி, 'உங்க வீட்டைப் பத்திச் சொல்லு' என்றும் கேட்கக் கூடாது. தானாகச் சொன்னால் சொல்லட்டும். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ள இரண்டு நம்பர் கொடுங்கள். முதியோருக்கான உதவிக்கு 14567, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. பார்த்துக்கொள்கிறவர் மனம் உடைந்துபோனால் பேச 14416, எந்த நேரமும் எடுப்பார்கள். இரண்டாவது நம்பர் நமக்குத்தான். உலகம் முழுவதும் மறதி நோயாளிகளைக் கவனிக்கிற நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு பிள்ளை சாயங்காலம் அரை மணி பாட்டியோடு பல்லாங்குழி ஆடினால், அந்த அரை மணி அம்மாவுக்கு மிச்சம்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லாம் மண்டையில் ஏறியதா என்று எனக்குத் தெரியாது. கடைசி வரிசையில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் மூன்றாவது வீட்டுப் பையன் நேரே போய், டிவியை ஊரே அதிர வைத்துக் கேட்கிற தன் தாத்தாவிடம், "காதை டெஸ்ட் பண்ணு தாத்தா, இல்லேன்னா மூளைக்கு ஆகாது" என்று நச்சரித்திருக்கிறான். பத்து நாள் தொல்லை பொறுக்காமல் அவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு காதில் அழுக்கு அடைத்திருந்ததாம், எடுத்துவிட்டார்கள். இன்னொரு காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். "கிழவன்னு சொல்லுவாங்களே" என்று இப்போது வீம்பு பண்ணிக்கொண்டிருக்கிறார். பேரன் விடுவதாக இல்லை.