வீடு உறங்குதாம்ல!

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் ஒரு பையன் கையில நோட்டீஸைத் திணிச்சான். "உங்கள் வீடு உறங்கிக் கொண்டிருக்கிறதா? பணமாக மாற்றுங்கள்!" படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. யோவ், வீடு உறங்கலைய்யா, அதுக்குள்ள நாங்கதான் உறங்குறோம்!

எங்க சித்தப்பா கதையைச் சொல்றேன். திருவானைக்காவல்ல சொந்த வீடு, காந்தி மார்க்கெட் பக்கம் சின்னதா மளிகைக் கடை. 2015-ல பொண்ணு கல்யாணம். "வீடு சும்மாதானேடா நிக்குது"ன்னு பத்திரத்தை வச்சு 20 லட்சம் வாங்கினார். 11 சதவீதம், 15 வருஷம். மாசத் தவணை சுமார் 22,730 ரூபாய். முதல் தவணையில 18,333 வட்டிக்கே போயிடுச்சு. அஞ்சு வருஷத்துல கட்டினது 13.6 லட்சம், அப்பவும் அசல் பாக்கி 16.5 லட்சம்! 2020 ஊரடங்குல கடை படுத்துச்சு. ஆறு மாசம் தவணைக்கு விலக்கு குடுத்தாங்க, வட்டிக்குக் குடுக்கல. அது பாட்டுக்கு ஏறுச்சு.

மூணு மாசம் தவணை நின்னா வாராக்கடன். 2002-ல வந்த சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதுக்கப்புறம் கோர்ட்ல கேஸ் போடாமலே வீட்டை எடுக்க நடவடிக்கை தொடங்கலாம். நோட்டீஸ் வந்ததும், ஏலத்துக்குப் போற அவமானம் வேண்டாம்னு சித்தப்பாவே வந்த விலைக்கு வித்துட்டார். இப்போ வாடகை வீடு. சித்தி அந்தத் தெரு வழியா போறதே இல்லை.

அதுக்காக வீட்டை வச்சு கடனே வாங்காதேன்னு நான் சொல்லல. மூணு வட்டிக்கு வாங்கிட்டு வருஷம் 36 சதவீதம் அழுறவன், 11 சதவீதத்துக்கு வாங்கி அதை அடைச்சா புத்திசாலி. தவணையைத் தாண்டி சம்பாதிச்சுத் தர்ற தொழில்ல போட்டாலும் சரி. ஆனா ஒரே ராத்திரியில பந்தியில கரையிற காசுக்கு 15 வருஷம் வட்டியா?

இன்னொரு கொடுமை ஸ்ரீரங்கத்துல. அடிமனைப் பிரச்சினையில சிக்கின வீடுகளைப் பாருங்க. நிலம் கோயிலோடதுன்னு ஒரு பக்கம், தலைமுறையா குடியிருக்கோம்னு மறுபக்கம். யாருக்குச் சொந்தம்னு அரசும் கோர்ட்டும் முடிவு சொல்லட்டும். ஆனா பத்திரப்பதிவு முடங்கின வீட்டை எந்த பேங்க் அடமானம் வாங்கும்? ஆஸ்பத்திரிச் செலவுன்னா அந்த ஜனம் கந்துவட்டிக்காரன்கிட்டதான் போகணும். நியாயமான கடன் கிடைக்காததும் ஆபத்துதான் சாமி.

அப்புறம் ரிவர்ஸ் மார்ட்கேஜ். 2007 பட்ஜெட்ல அறிவிச்சது. 60 வயசு தாண்டினவங்க வீட்டை பேங்க்ல வச்சா மாசாமாசம் பணம் வரும். இருக்கிறவரை அதே வீட்டுல இருக்கலாம், தவணை கிடையாது. காலத்துக்கு அப்புறம் பிள்ளைங்க கடனை அடைச்சு மீட்டுக்கலாம், இல்லேன்னா வித்து பேங்க் எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குடுக்கும். நம்மாளு சீண்ட மாட்டான். "ஊர் என்ன சொல்லும்? பிள்ளைங்க என்ன நினைப்பாங்க?"

பொண்ணு கல்யாணத்துக்கு வீட்டை வச்சா அது பெருமை; தன் மருந்துச் செலவுக்கு வச்சா அது கேவலம்! இந்தக் கணக்கைத்தான் முதல்ல மாத்தணும். தன் வீட்டை வச்சு தானே சாப்பிடுறவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதை ஒத்துக்காதவங்க பின்னூட்டத்துல கும்மலாம். சித்தப்பா வீட்டைத் திருப்பித் தர்றவங்களுக்கு முன்னுரிமை :-)

டிஸ்கி: கடனை முழுசா அடைச்சவங்க பத்திரத்தைக் கேட்டு வாங்குங்க. 2023 டிசம்பர்ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி 30 நாளுக்குள்ள தரணும். அவங்க தப்பால தாமதமானா நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு.