ஓதத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?

 

மக்தபில் ஓதும் பிள்ளைகளிடையே சில வேளைகளில் ஒரு விந்தையைக் காணலாம். ஒரு பிள்ளை சிறு சூராக்களை அழகிய குரலில் பிழையின்றி ஓதுவான். ஏடு அவன் முன்னே திறந்திருக்கும். விரலும் வரியின் மேல் நகரும். ஆனால் அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, 'இது என்ன?' என்று கேட்டால் விழிப்பான். வரியைத் தொடக்கத்திலிருந்து ஓதிக்கொண்டு வந்தால்தான் அந்தச் சொல் அவன் நாவில் வரும். அவன் ஏட்டைப் பார்த்து ஓதவில்லை. செவியால் கேட்டு நெஞ்சில் பதித்ததையே ஓதினான்.

மனனம் ஒரு பெரும் பேறு. அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், அந்த நல்ல நினைவாற்றலே வாசிப்பில் உள்ள இடர்ப்பாட்டைத் திரையிட்டு மறைத்துவிடுவதும் உண்டு. பள்ளிக்கூடத்திலும் முதல் இரண்டு வகுப்புகளைப் பிள்ளை இப்படியே கடந்துவிடுவான். பாடநூல்கள் பெருகி, கேட்டதை மட்டும் கொண்டு சமாளிக்க இயலாத நிலை வரும்போது திரை விலகும். அப்போது அவனுக்குச் சூட்டப்படும் பெயர்கள் 'சோம்பேறி', 'மந்தம்', 'படிப்பு ஏறாதவன்' என்பனவே.

இவ்வாறு தடுமாறும் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இருப்பது 'டிஸ்லெக்ஸியா' என்னும் வாசிப்பு இடர்ப்பாடு. இது இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கில் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அறிவில் குறையற்ற அச்சிறுவனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. நம் மக்தபில் செவியால் ஓதும் பிள்ளையும் அவனும் ஒரே வகையினர் அல்லவா?

இது கண்ணின் கோளாறு அன்று. அறிவின் குறையும் அன்று. வளர்ப்பின் பிழையும் அன்று. பேச்சில் ஒன்றோடொன்று கலந்து வரும் ஒலிகளைத் தனித்தனியே பிரித்துணர்வதிலும், அவ்வொலிகளை எழுத்தோடு விரைந்து இணைப்பதிலும் இத்தகைய பிள்ளையின் மூளை சிரமப்படுகிறது. இது குடும்பவழியாகத் தொடர்வதும் உண்டு. இதைப் போக்கும் மாத்திரையோ மருந்தோ கிடையாது. முறையாகக் கற்பித்தால் பிள்ளை வாசிப்பான் என்பதே நற்செய்தி.

அவன் நிலையில் இருந்து நம் எழுத்துகளைச் சற்றுப் பாருங்கள். தமிழில் எழுத்துகள் 247. 'பம்பரம்' என்னும் சொல்லில் முதலில் வரும் 'ப' ஓர் ஒலி. இடையில் வரும் 'ப' வேறோர் ஒலி. எழுத்து மட்டும் ஒன்றே. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. ஒலியோ 'க்' என்று தொடங்கி, 'எ' பின்னே வருகிறது. அரபியில் பே, தே, ஸே மூன்றுக்கும் உடல் ஒன்றே; கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேறுபாடு. அதுவும் சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், இறுதியில் மற்றொரு வடிவம். காலையில் வலமிருந்து இடமாக ஓதிய பிள்ளை, பள்ளிக்கூடம் சென்று இடமிருந்து வலமாகத் தமிழும் ஆங்கிலமும் படிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் தாண்டிச் செல்லும் வாய்க்கால் இவனுக்கு ஆறாகி விடுகிறது.

இவனுக்குக் கற்பிப்பது எப்படி?

முதலாவதாக, எழுத்துக்கு முன் ஒலி. 'மரம்' என்பதில் முதலில் கேட்பது எது? 'கல்' என்பதில் 'க'வை எடுத்துவிட்டுப் 'ப'வை வைத்தால் என்ன வரும்? உம்மாமார்கள் சமையல் வேலைக்கு இடையிலேயே இதை விளையாட்டாக நடத்தலாம்.

இரண்டாவதாக, கண், செவி, நா, கை நான்கும் ஒன்றுசேர வேண்டும். பரப்பிய மணலிலோ அரிசியிலோ பிள்ளை எழுத்தைப் பெரிதாக வரையட்டும். வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்லட்டும். அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் 1930களில் வகுத்த முறையின் அடிப்படை இதுவே. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லிப் படித்ததும் ஏறக்குறைய இதுதான்.

மூன்றாவதாக, ஒத்த உருவமோ ஒத்த ஒலியோ உடைய எழுத்துகளை ஒரே நாளில் கற்பிக்கலாகாது. 'ன'கரம் உறுதிப்பட்ட பிறகே 'ண'கரம். பே நன்கு பதிந்த பிறகே தே. நேற்றைய பாடத்தை இன்று மீண்டும் பார்த்துவிட்டே புதியதைத் தொட வேண்டும்.

நான்காவதாக, மனனத்தால் தப்பிச் செல்ல வழியில்லாத சொற்களைக் கொடுங்கள். அறிந்த சூராவை வாசிக்கச் சொன்னால் நினைவு முந்திக்கொள்ளும். தனிச் சொற்களைத் தாளில் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதி, நாள்தோறும் கால் மணி நேரம் வாசிக்கச் செய்யுங்கள்.

ஐந்தாவதாக, வாசிப்பு தேறும்வரை அறிவு காத்திருக்க வேண்டியதில்லை. வரலாறு, அறிவியல் பாடங்களை வீட்டில் ஒருவர் படித்துக் காட்டட்டும். அவன் கேட்டுப் புரிந்துகொள்வான். வாய்மொழியாகப் பதிலும் சொல்வான்.

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று. மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் அவனை எழுப்பி வாசிக்கச் செய்து, அவர்களைச் சிரிக்க விடாதீர்கள். குர்ஆனைத் திணறித் திணறி, சிரமத்துடன் ஓதுபவருக்கு இரு மடங்கு நற்கூலி உண்டு என்னும் கருத்தமைந்த நபிமொழியை நாம் மேடைகளில் பன்முறை செவியுற்றிருக்கிறோம். இரட்டைக் கூலிக்கு உரியவன் என்று சொல்லப்பட்ட பிள்ளையின் உள்ளங்கையில் பிரம்படி விழுவது எந்த வகையில் நியாயம்? அடி வாங்கிய பிள்ளை எழுத்தைக் கற்பதில்லை. ஏட்டை வெறுக்கவே கற்கிறான். முதலில் மக்தபுக்கு வராமல் நிற்பான். பிறகு பள்ளிக்கூடத்தையும் விடுவான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஏதேனும் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்துவிடுவான். பெண்பிள்ளையோ ஓசையின்றி மூலையில் அமர்ந்துவிடுவாள். குறும்பு செய்யாததால் அவளது இடர்ப்பாடு யார் கண்ணிலும் படுவதில்லை.

ஐயம் எழுந்தால் முதலில் கண்ணையும் செவியையும் பரிசோதித்துவிடுங்கள். அதில் குறையில்லை என்றால் குழந்தை உளவியல் நிபுணரை நாடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவதற்கு ஒருவர் போன்ற சலுகைகளைக் கோரலாம். 'ஊர் என்ன சொல்லும், நாளை சம்பந்தம் பேச வருவோர் என்ன நினைப்பர்' என்று அஞ்சிச் சான்றிதழை மறுக்கும் பெற்றோர் உண்டு. ஊரின் பேச்சு நாலு நாளில் ஓய்ந்துவிடும். 'எனக்கு அறிவில்லை' என்று பத்து வயதில் ஒரு பிள்ளை தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு அவ்வளவு எளிதில் அழியாது.

ஆகவே இன்று மஃரிபுக்குப் பின் உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்துங்கள். அவனுக்கு மனனமான பக்கத்தை விட்டுவிட்டு, அவன் இதுவரை காணாத ஒரு பக்கத்தைத் திறந்து, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். வாசித்தால் அல்ஹம்துலில்லாஹ். தடுமாறினால் சினம் கொள்ளாதீர்கள். ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, முதல் எழுத்திலிருந்து அவனோடு சேர்ந்து தொடங்குங்கள். தடுமாற்றம் வாரக்கணக்கில் நீடித்தால், காலம் தாழ்த்தாமல் மேற்சொன்ன பரிசோதனைகளுக்கு அழைத்துச் செல்லுங்கள்.